கணவருக்கு தைவானில் வேலை. என் வேலையை விட்டுவிட்டு நானும் போகலாமா?

#1 பவானிக்கரை

வணக்கம். நான் இங்கே சமையல் பகுதியைப் படித்துவிட்டு ஓடிவிடுகிற ஆள். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டரை வருடம். நான் ஈரோட்டில் ஒரு தனியார் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். அவருக்கு தைவானில் ஷின்ச்சு என்கிற ஊரில், பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்தவர்கள் செய்கிற ஆராய்ச்சி) வேலை கிடைத்திருக்கிறது. முதலில் ஒரு வருட ஒப்பந்தம், அப்புறம் நீட்டிப்பார்களாம். தைப்பூசம் முடிந்ததும் கிளம்ப வேண்டும். "நீயும் வந்துடு" என்கிறார். அம்மாவும் அதையேதான் சொல்கிறார். மாமியாருக்கு நான் அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வேன் என்ற கவலை. மேனேஜரோ, இப்போது விட்டால் திரும்பி வரும்போது பழைய இடம் இருக்காது என்கிறார். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், இதில் ஒருவரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை.

அங்கே குடும்பமாக இருந்தவர்கள், அதிலும் கணவர் வேலைக்குப் போய்விட வீட்டில் இருந்த பெண்கள், ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொன்னால் போதும். சுற்றுலா வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டேன். அதில் யாரும் காய் வாங்குவதில்லை, துணி காயப்போடுவதில்லை.

இன்னொன்று, நான் சைவம். முட்டையும் கிடையாது. அவர் எல்லாம் சாப்பிடுவார்.

#2 தென்காசிச் சாரல்

வேலையை விடாதீங்க சகோதரி. சம்பளமில்லா விடுப்பு கொடுப்பார்களா என்று கேளுங்கள். மூன்று மாதம் போய்ப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டுவிடலாம். போஸ்ட்டாக் என்பது வருடா வருடம் புதுப்பிக்கிற பிழைப்பு. இரண்டு பேரும் ஒரே கிளையில் உட்கார வேண்டாம். நான் தைவான் போனதில்லை, ஆனால் கொரியாவில் இருந்திருக்கிறேன்.

#3 காத்தாடி

தங்கச்சி, 2018 முதல் 2022 வரை நாலு வருடம் ஷின்ச்சுவில் குடித்தனம் நடத்தியவள் நான். என் ஐடியே அந்த ஊர்க் காற்றால் வந்ததுதான். தைவான்காரர்களே அதைக் "காற்று நகரம்" என்பார்கள். அக்டோபரில் ஆரம்பித்தால் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். மாடியில் காயப்போட்ட இவர் வேட்டியை ஒருநாள் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்து வந்தேன். ஆனால் அந்தக் காற்றை வைத்துத்தான் அந்த ஊரே பிழைத்தது. அரிசி மாவைப் பிழிந்து நம் இடியாப்பம் மாதிரி செய்து மூங்கில் தட்டியில் காயவைப்பார்கள், ஷின்ச்சு சேமியா என்றால் தீவு முழுக்கத் தெரியும். பக்கத்தில் ஷின்பு என்ற ஊரில் பெர்சிமன் பழத்தைத் தோல் சீவி அதே காற்றில் உலர்த்துவார்கள். முற்றமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் கிடக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வீடு. கணவரின் துறையிலிருந்து யாராவது அன்பாக ஒரு "தாவ்ஃபாங்" பார்த்துக் கொடுப்பார்கள். ஒரே அறை. கட்டில், ஏசி, குளியலறை எல்லாம் இருக்கும், சமையலறை மட்டும் இருக்காது. சமைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். அங்கே தனி ஆட்கள் மூன்று வேளையும் வெளியில் சாப்பிடுவது சாதாரணம், அதனால் யாருக்கும் அது குறையாகத் தெரியாது. நாங்கள் மூன்று வாரம் தயிரும் பிரெட்டுமாக ஓட்டினோம். இந்தியாவிலிருந்து சுமந்து போன ஐந்து லிட்டர் குக்கர் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அதனால் வீடு பார்க்கும்போது முதல் கேள்வி, அடுப்பு வைக்கலாமா. 591 என்று ஒரு வாடகைத் தளம் இருக்கிறது, சீன மொழியில்தான். கணவரின் லேப் பையன் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துத் தேடுங்கள். முன்பணம் இரண்டு மாதம்.

எங்களுக்கு லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் ஐந்தாவது மாடி 16,000 என்டிக்குக் கிடைத்தது. என்டி என்பது தைவான் டாலர், ஒரு என்டி நம் பணத்தில் இரண்டரை ரூபாய்க்கு மேல். உண்மையில் 17,000 சொன்னார்கள். நாங்கள் குடிபோனது ஆகஸ்ட், அவர்கள் கணக்கில் ஏழாம் மாதம், பேய் மாதம். அந்த மாதத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், வீடு மாறமாட்டார்கள், வாசலில் மேசை போட்டு ஆவிகளுக்குப் படையல் வைத்து காகிதப் பணம் கொளுத்துவார்கள். இந்த மாதத்தில் வரச் சம்மதமா என்று வீட்டுக்காரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டு ஆயிரம் குறைத்தார். நம் பஞ்சாங்கத்திலும் ஆடிதான் நடந்துகொண்டிருந்தது. மன்னார்குடியில் இருக்கிற என் மாமியாரிடம் ஆவணி பிறந்த பிறகுதான் வீடு மாறியதைச் சொன்னேன்.

அடுத்தது குப்பை. சிரிக்காதே, என் நாள் அதைச் சுற்றித்தான் ஓடியது. தெருவில் குப்பைத் தொட்டியே கிடையாது. குப்பை தரையைத் தொடக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. வண்டி வரும், நாம் கையில் பிடித்துக்கொண்டு நின்று நாமே உள்ளே வீச வேண்டும். வருகிற வண்டி பீத்தோவனின் "எலிஸுக்காக" பியானோ மெட்டை வாசித்துக்கொண்டே வரும். நம்மூரில் கார் ரிவர்ஸ் எடுக்கும்போது கீச்சுக் குரலில் பாடுமே, அதேதான். முதல் வாரம் யாரோ கார் எடுக்கத் தெரியாமல் மணிக்கணக்கில் ரிவர்ஸ் போகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் தெருவுக்கு இரவு ஏழு ஐம்பதுக்கு வரும், புதனும் ஞாயிறும் வராது. முன்னால் குப்பை வண்டி, பின்னாலேயே மறுசுழற்சி வண்டி. சமையல் கழிவுக்கு அப்போது இரண்டு வாளி வைத்திருந்தார்கள். வெந்தது பன்றித் தீனிக்கு, வேகாத காய்த்தோல் உரத்துக்கு. நான் புளிச்சக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். வண்டிக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு உரவாளியைக் காட்டினார்.

ஆனால் அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பில்தான் எனக்கு ஊர் கிடைத்தது. தெருவே இறங்கி நிற்கும். இரண்டாவது மாடி ஆத்தா தினமும் "ஜ்யா பா ப்வே?" என்பார். அவர்களுடைய ஹொக்கியன் மொழியில் "வயிறு நிறைய சாப்பிட்டாச்சா?" நம்மூர் "சாப்பிட்டீங்களா"வைப் போல அது கேள்வியே இல்லை, வணக்கம். இவர் நாலு வருடம் அந்த நாட்டில் வேலை பார்த்தார், லேபில் எல்லோரும் ஆங்கிலம். கடைசி வரை தெருவில் இவருக்கு நான்தான் மொழிபெயர்ப்பு.

காகித வேலையை மட்டும் இப்போதே ஆரம்பி. கல்யாணத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ் வேண்டும், மண்டபத்து ரசீது செல்லாது. அதற்கு மாநில அரசு சான்று, வெளியுறவு அமைச்சகச் சான்று, அப்புறம் சென்னையிலேயே இருக்கிற தைப்பே பொருளாதார பண்பாட்டு மையத்தின் முத்திரை. நமக்கும் தைவானுக்கும் முறையான தூதரக உறவு இல்லை, 2012லிருந்து சென்னையில் அந்த மையம்தான் தூதரகம் மாதிரி. ஏஜென்ட்டுகள் பழக்கத்தில் "அப்போஸ்டில் போட்டுடலாம்மா" என்பார்கள். அது ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகள் ஏற்கிற சான்று முத்திரை, அந்த உடன்படிக்கையில் தைவான் இல்லை. மையத்தின் தளத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று படித்துவிட்டு அதை மட்டும் செய்.

#4 கதிர்மணி

காத்தாடி அக்கா சொன்னது எல்லாம் நிஜம். ஆனால் இந்த இழையில் இன்னொரு தைவானும் இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான் கோவையில் பிளஸ் டூ கணக்கு டீச்சர். எட்டு வருட வேலையை விட்டுவிட்டுப் போனேன், பதினாலு மாதத்தில் திரும்பினேன். துணைவர் குடியிருப்பு அட்டையில் போனால் வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஒரு நிறுவனம் நம்மைக் கேட்க வேண்டும். ஒரு பயிற்சி மையத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள், இரண்டு மாதம் "அடுத்த வாரம்" என்றார்கள், கடைசியில் அமெரிக்க உச்சரிப்பு வேண்டுமாம். நான் சொல்லிக்கொடுக்கப் போனது கணக்கு!

மருத்துவக் காப்பீடு வேலை பார்ப்பவருக்கு உடனே வந்துவிடும், கூடப் போகிறவர்களுக்கு ஆறு மாதம் அங்கே இருந்த பிறகுதான். எனக்கு நாலாவது மாதம் கடைவாய்ப் பல் கிளம்பியது. முழுப் பணமும் கையிலிருந்து. தொகை பெரிதில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. எட்டு வருடம் சொந்தச் சம்பளத்தில் இருந்தவளுக்கு அது வேறு மாதிரி வலி.

அவர் லேபிலிருந்து வர இரவு பத்து. குளிர்காலத்தில் ஒருநாள் படுக்கப்போகும்போது யோசித்துப் பார்த்தேன், இன்றைக்கு வீட்டுக்கு வெளியே நான் வாய் திறந்து என்ன பேசினேன் என்று. கன்வீனியன்ஸ் கடையில் "பை வேணுமா?" என்று கேட்ட பையனிடம் "பு யோங், ஷியேஷியே", அதாவது வேண்டாம், நன்றி. அவ்வளவுதான். முந்தின நாளும் அதே.

ஊரைக் குறை சொல்லவில்லை. இரவு பதினோரு மணிக்குத் தனியாக நடந்து வந்திருக்கிறேன், ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் பவானிக்கரை, "மனைவியை அழைத்து வரலாம்" என்று வேலைக் கடிதத்தில் எழுதியிருப்பதற்கு "மனைவிக்கும் அங்கே ஏதாவது இருக்கும்" என்று அர்த்தம் இல்லை.

#5 பவானிக்கரை

இருவருக்கும் நன்றி அக்கா. கதிர்மணி அக்காவின் பதிவை அவரிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்தப் பல் விஷயம் நமக்கு வரக் கூடாது, உன் பேர்ல தனியா பணம் போட்டு வெச்சுக்கலாம்" என்றார். சரியான பதிலா தெரியவில்லை, ஆனால் யோசித்திருக்கிறார்.

வங்கியில் கேட்டேன். ஆறு மாதம் விடுப்பு தர வழி இருக்கிறதாம், எழுத்தில் தரவில்லை.

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே? என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது, கணவர் பெயர் இல்லை. அது சிக்கலாகுமா?

#6 மாட்டுத்தாவணி

இன்னும் இங்கேயே இருக்கிற ஆள் வந்திருக்கிறேன், வருகைப் பதிவு போட்டுக்கொள்ளவும். ஆறாவது வருடம். வீட்டம்மா சுத்த சைவம், நான் மதுரை.

சைவத்துக்கு ஆசியாவில் இதைவிடச் சௌகரியமான நாடு எனக்குத் தெரிந்து இந்தியாவுக்கு வெளியே குறைவு. பௌத்தர்கள் நிறைய. கடைப் பலகையில் மஞ்சள் நிறமும் ஸ்வஸ்திகாவும் இருந்தால் சைவக்கடை, நம் ஆட்களுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். "வோ ச்சி சூ" என்றால் நான் சைவம் சாப்பிடுகிறவள். இந்த ஒரு வரியை இங்கே மரியாதையாகக் கேட்பார்கள். "ஏன்?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். உங்கள் சொந்தக்காரர் கல்யாணத்தில்கூட அது கிடைக்காது. முட்டை வேண்டாம் என்பதை மட்டும் தனியாகச் சொல்லுங்கள், சூ என்றால் முட்டை சேர்த்தி என்று எடுத்துக்கொள்கிற கடைகள் உண்டு. பஃபே கடைகளில் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு போனால் எடை பார்த்துக் காசு. ஒரு வேடிக்கை, பௌத்த சைவத்தில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. ஆனால் கோழி மாதிரி, மீன் மாதிரி சோயாவில் செய்து வைத்திருப்பார்கள், மீனுக்குக் கடற்பாசியில் தோல்கூட இருக்கும். என் மனைவி முதல் நாள் தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். எச்சரிக்கை ஒன்று: சாதாரணக் கடையில் கீரை வதக்கல் என்று வாங்காதீர்கள், பன்றிக்கொழுப்பில் வதக்கியிருப்பார்கள்.

வீட்டுச் சமையலுக்கு உளுந்து, துவரம்பருப்பு, புளி எல்லாம் தைப்பே இந்தியக் கடைகளிலிருந்து பார்சலில் வரும். வெண்டைக்காய், முருங்கைக்கீரை கிடைக்கும். பாகற்காய் தந்தம் மாதிரி வெள்ளையாக, கசப்பு குறைவாக இருக்கும், என் மாமியார் வீடியோ காலில் பார்த்துவிட்டு அதைப் பாகற்காய் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. ஊறுகாய் கொண்டுவரலாம், பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் வேண்டாம், விமான நிலையத்தில் நாய் மோப்பம் பிடிக்கும். இறைச்சி எந்த வடிவிலும் வேண்டாம். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து பன்றி இறைச்சி கொண்டுவந்தால் அபராதம் 2 லட்சம் என்டி.

பெயர்: ஒரு சிக்கலும் இல்லை. இங்கே பெண்கள் கல்யாணத்துக்கு அப்புறமும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பார்கள். கணவன் மனைவிக்கு வேறு வேறு குடும்பப் பெயர் என்பது இவர்களுக்கு இயல்பு. என்ன, கிளினிக்கில் என்னை என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மனைவியை அவர் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வரவேற்பறையில் சம்பந்திகள் இருவரும் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

அப்புறம் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். கடை ரசீது ஒவ்வொன்றிலும் எட்டு இலக்க எண் இருக்கும், அது அரசாங்க லாட்டரிச் சீட்டு. கடைக்காரர் பில் போடாமல் வரி ஏய்க்கக் கூடாது என்று 1951ல் கொண்டுவந்த யோசனை. வாங்குகிறவனே பில் கேட்டு நிற்பான் அல்லவா. ஒற்றைப்படை மாதம் 25ஆம் தேதி குலுக்கல். பெரிய பரிசு ஒரு கோடி என்டி. முதல் பரிசு எண்ணோடு கடைசி மூன்று இலக்கம் ஒத்துப்போனால் 200. வீட்டம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைக்கிறார். ஆறு வருடத்தில் 200 பதினோரு தடவை, 1,000 ஒரே தடவை. அன்றைக்கு நாங்கள் செலவழித்தது 1,400.

#7 தென்காசிச் சாரல்

அதெல்லாம் சரி. நிலநடுக்கம்? சீனா பக்கத்திலேயே இருக்கிறது? அதை யாரும் பேசக் காணோம்.

#8 மாட்டுத்தாவணி

வருடத்துக்கு ஒருமுறை விமானத் தாக்குதல் ஒத்திகை நடக்கும். சைரன் ஊதினால் அரை மணி நேரம் தெருவில் ஆள் நடமாட்டம் கூடாது. முடிந்ததும் பால் தேநீர்க் கடையில் வரிசை நிற்கும். என் லேபில் இதைப் பற்றிப் பேசுகிறவன் நான் மட்டும்தான், அதுவும் அம்மா போன் பண்ணிய அன்றைக்கு.

நிலநடுக்கம் வேறு. 2024 ஏப்ரல் 3, காலை 7.58. கிழக்குக் கரையில் ஹுவாலியன் பக்கம், ரிக்டர் 7.2. 1999 செப்டம்பர் 21ல் இரண்டாயிரத்துக்கும் மேல் ஆட்கள் போனார்களே, அதற்கப்புறம் இதுதான் பெரியது. அடுப்பில் ரசம். போன் கத்தியது, அது சாதாரண மணி இல்லை, எலும்பு வரை போகிற சத்தம். நான் மேசைக்குக் கீழே போனேன். வீட்டம்மா அடுப்பை அணைத்து, ரசப் பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, அப்புறம் வந்தார். பத்து மணிக்கு லேபில் இருந்தோம். கட்டடங்களை நன்றாகக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அதற்கப்புறம் ஒரு மாதம் பக்கத்து ஃபிளாட்டில் கதவை அடித்துச் சாத்தினாலும் எழுந்து உட்காருவோம்.

#9 காத்தாடி

இது காத்தாடி இல்லை, அவள் கணவன். லாகின் திறந்து கிடந்தது. நாலு வருடம் எனக்கு மொழிபெயர்த்ததாக எழுதியிருக்கிறாள். மறுக்கவில்லை. ஆனால் ஸ்கூட்டர் லைசன்ஸ் எடுத்தது யார் என்று சொல்லவே இல்லையே.

எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் எழுதலாம், 85 எடுக்க வேண்டும். ஓட்டுத் தேர்வில் வேகமாகப் போவது பிரச்சினை இல்லை, மெதுவாகப் போவதுதான். ஒரு குறுகிய நேர்கோட்டுப் பாதையைக் கால் ஊன்றாமல் ஏழு வினாடிக்கு மேல் எடுத்துக் கடக்க வேண்டும். மன்னார்குடியில் பதினாறு வயதிலிருந்து டிவிஎஸ் ஓட்டியவன் முதல் தடவை ஃபெயில், நாலரை வினாடியில் போய்ச் சேர்ந்துவிட்டேன். அங்கே வண்டி வலப்பக்கம் போகும். பெரிய சந்திப்பில் ஸ்கூட்டர் நேராக இடப்பக்கம் திரும்பக் கூடாது. நேரே கடந்து, எதிர்மூலையில் வரைந்திருக்கிற வெள்ளைக் கட்டத்தில் போய் நின்று, அந்தப் பக்கத்து விளக்கு பச்சையானதும் போக வேண்டும். இவள் பின்னால் உட்கார்ந்து "கட்டம், கட்டம்" என்று தோளில் தட்டுவாள்.

பயணம் பற்றி யாரும் எழுதவில்லை. 2020ல் எல்லை மூடியதும் ஊருக்கு வர வழியில்லை. சென்னைக்கு நேர் விமானம் எங்கள் காலத்தில் கிடையாது, சிங்கப்பூர், பாங்காக் மாதிரி ஓர் ஊர் வழிதான், அதுவும் போயிற்று. தீவுக்குள் வாழ்க்கை ஓரளவு சாதாரணமாக இருந்தது. அதனால் விடுமுறைக்கெல்லாம் ரயிலேறினோம்.

அலிஷான் மலை ரயிலுக்குப் போனது அப்போதுதான். ஜப்பான்காரன் மரம் வெட்டி இறக்க 1912ல் திறந்த பாதை. ஜியாயீயில் கடல் மட்டத்திலிருந்து வெறும் 30 மீட்டரில் கிளம்பி 2,216 மீட்டர் வரை போகிற ரயில். ஊட்டி ரயிலுக்கு நடுவில் பல்சக்கரம் இருக்கிறது அல்லவா, இதற்கு அது கிடையாது. மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். ஒரே ஸ்டேஷன் இடதுபக்க ஜன்னலில் கீழே தெரியும், கொஞ்ச நேரம் கழித்து வலதுபக்க ஜன்னலில் இன்னும் கீழே தெரியும். பாக்குமரத்தில் ஆரம்பித்து மூங்கில் வந்து, சிடார் மரமும் மூடுபனியும் வரும்போது ஸ்வெட்டர் தேடுவோம். 2009 புயலில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டதால் எங்கள் காலத்தில் உச்சி வரை ரயில் இல்லை, பாதியில் இறங்கி பஸ். நாங்கள் ஊர் திரும்பி இரண்டு வருடம் கழித்து, 2024 ஜூலையில், முழுப்பாதையும் திறந்துவிட்டார்கள். செய்தியைப் பார்த்த அன்று இவள் என்னைத்தான் திட்டினாள்.

அவள் சொல்லாத இன்னொன்று. கிழக்கே சிஷாங் என்று ஓர் ஊர். இரண்டு மலைத்தொடருக்கு நடுவே நெல், பார்வைக்கு எட்டிய வரை ஒரு மின்கம்பம்கூட இல்லை. வாடகை சைக்கிளில் போனோம். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் வரப்பில் இறங்கி ஒரு கதிரை உருவி, நெல்லைப் பல்லில் கடித்து, "பால் பிடிச்சிருக்கு, இன்னும் இருபது நாள்" என்றாள். பக்கத்து வயலில் நின்ற பெரியவர் என்ன என்று கேட்டார். இவள் அவளுடைய சீனத்தில் சொன்னாள். அவர் விரலால் கணக்குப் போட்டு, இருபத்திரண்டு என்றார். அரை மணி நேரம் இரண்டு பேரும் நெல் பேசினார்கள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

#10 காத்தாடி

இப்போதுதான் பார்க்கிறேன். பதினெட்டு நாள் என்றேன், இருபது இல்லை. பாஸ்வேர்டு மாற்றியாயிற்று.

#11 கதிர்மணி

காத்தாடி அக்கா, படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் நீங்கள் முதல் ஆறு மாதத்திலேயே மொழி வகுப்பில் சேர்ந்தீர்கள் என்பதை இங்கே யாரும் சொல்லவில்லை. நான் "ஒரு வருடம்தானே, எதற்குப் பணம்" என்று விட்டுவிட்டேன். அந்தக் கணக்குத்தான் தப்பு. பவானிக்கரை போவதென்றால் அங்கே இறங்குமுன் அடுத்த வகுப்பு எப்போது ஆரம்பிக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளட்டும். கட்டணத்தைக் குடும்பச் செலவில் சேர்க்கச் சொல்லுங்கள், "அவளுடைய பொழுதுபோக்கு" என்ற கணக்கில் வேண்டாம்.

போகாமல் இருப்பதும் தப்பில்லை. இதையும் ஒருவர் எழுதி வைக்க வேண்டும்.

#12 பவானிக்கரை

பதினொரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஷின்ச்சுவிலிருந்து எழுதுகிறேன்.

ஆறு மாத விடுப்பில் வந்தேன். அது முடிந்ததும் வங்கியில் நீட்டிக்க முடியாது என்றார்கள். ராஜினாமா மெயிலை இரண்டு நாள் டிராஃப்டில் வைத்திருந்து அனுப்பினேன். அனுப்பிய அன்று நன்றாக இல்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் கதிர்மணி அக்காவுக்கு நியாயம் செய்த மாதிரி இருக்காது.

மொழி வகுப்பில் இரண்டாவது பருவம் முடியப்போகிறது. வகுப்பில் வியட்நாம், இந்தோனேசியா, ஒரு போலந்துக்காரர், நான். தொனி இன்னும் வரவில்லை. போன வாரம் சந்தையில் வாங்குவதற்கு பதிலாக விற்க வந்திருப்பதாகச் சொல்லிவிட்டேன், இரண்டுக்கும் "மாய்"தான், தொனி மட்டும் வேறு. பூசணிக்காய்க்காரம்மா என் பையை வாங்கி உள்ளே பார்த்து, "என்ன இருக்கு, எவ்வளவு?" என்றார்.

காப்பீட்டு அட்டை வந்துவிட்டது. குப்பை வண்டி எங்கள் தெருவுக்கு எட்டு இருபதுக்கு. அவர் சீக்கிரம் வருகிற நாளில் அவரைத்தான் அனுப்புகிறேன், ஆனால் பிரித்து வைப்பது நான்தான். நகர்க்கடவுள் கோயில் வாசலில் கடைகள் இருக்கிற இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போவோம், அவர் சேமியா சாப்பிடுவார், நான் வேர்க்கடலை ஐஸ். வேலை இன்னும் இல்லை. இங்கே உள்ள நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேருக்கு சனிக்கிழமை தமிழ் எழுத்து சொல்லித்தருகிறேன், காசு வாங்குவதில்லை.

இப்போது வந்ததற்குக் காரணம் வேறு. இட்லி மாவு. ஜூலையில் நாலு மணி நேரத்தில் பொங்கி வழிந்தது. இப்போது டிசம்பர், பதினெட்டு மணி நேரமாகக் கல் மாதிரி கிடக்கிறது. இங்கே வீடுகளில் ஹீட்டரும் கிடையாது. என்ன செய்கிறீர்கள்?

#13 காத்தாடி

டாட்டுங் குக்கர், அந்த ஊர்க் கரண்ட் குக்கர், வாங்கிவிட்டாயா? 1960லிருந்து ஒரே மாதிரி இருக்குமே, பச்சையோ சிவப்போ, ஒரே ஒரு சுவிட்ச். வெளிப்பாத்திரத்தில் அரைக் கப் வெந்நீர் ஊற்று. மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடு. சுவிட்சைத் தொடாதே, ப்ளக்கையும் பிடுங்கிவிடு, வார்மில் விட்டால் ஓரம் வெந்துவிடும். மேலே ஒரு துண்டைப் போர்த்து. படுக்கப்போகும்போது ஒருமுறை வெந்நீரை மாற்று. காலையில் பார்.

உப்பு முன்னாடியே போட்டாயா, அப்புறம் போடுகிறாயா?

#14 பவானிக்கரை

அப்புறம்தான் போடுவேன்.

#15 கதிர்மணி

குளிரில் முன்னாடியும் போடக் கூடாது, அப்புறமும் போடக் கூடாது. இட்லி ஊற்றுகிற நேரத்தில் போடு. அந்த நாலு பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் வேண்டுமென்றால் சொல், வீடியோ காலில் எடுக்கிறேன். எனக்கு சனிக்கிழமை மாலை ஒத்துவரும், உங்களுக்கு இரண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும், அதைப் பார்த்துக்கொள்.